தந்தையின் கழகம்: விளையாட்டு எழுத்துக்களில் ஒரு மரபுரிமை

கண்டி நகருக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடைப்பட்ட நித்தவெல மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகத்தின் றகர் ஆட்டம் நடைபெறும் பிற்பகல்களில் ஒரு காட்சியைத் தவறாது காணலாம். தலை நரைத்த ஒருவரும் வாலிபப் பருவத்து மகனும் அருகருகே அமர்ந்திருப்பர். பந்து கோட்டைக் கடக்கையில் இருவரும் ஒரே கணத்தில் எழுவர். நடுவரின் ஊதுகுழல் ஒலித்ததும் ஒரே கணத்தில் அமர்வர். இடையில் அவர்கள் பேசிக்கொள்வது மிகச் சொற்பம். பேசினாலும் அது ஆட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். மகாவலிக் கரையிலே கட்டுகஸ்தோட்டையில் அமைந்துள்ள புனித அந்தோனியார் கல்லூரிக்கும் கண்டித் திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான வருடாந்தக் கிரிக்கெட் போட்டியின்போதும் இக்காட்சி மீண்டும் நிகழும். அங்கே தந்தை பழைய மாணவர். மகன் இன்றைய மாணவன். வீட்டிலே ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தயங்கும் இருவர், வேலிக்கு அப்பால் ஓடும் பதினைந்து பேரை அல்லது பதினொருவரை ஒருசேரப் பார்ப்பதன் மூலம் தம்முள் ஏதோவொன்றைப் பரிமாறிக்கொள்கின்றனர்.

இப்பற்றினைத் தந்தைவழிச் சொத்து என்று கூறுவது உலக வழக்கு. நிலமும் நகையும் போலக் கழகமும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கி வருகின்றது என்பதே அவ்வழக்கின் உட்பொருள். எனினும் விளையாட்டைப் பற்றி எழுந்த சிறந்த எழுத்துக்கள் சிலவற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இக்கூற்று முழுமையான உண்மையன்று என்பது புலனாகும். அவ்வெழுத்துக்களிலே தந்தை கொடுப்பது பெரும்பாலும் கழகத்தையன்று. ஒரு சனிக்கிழமைப் பிற்பகலையோ, ஒரு பெயரையோ, ஒரு கடனையோதான். அதனைப் பற்றாக மாற்றுபவன் மைந்தன். மாற்றியபின் அதனைக் கொண்டே தந்தையைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ள முயல்பவனும் அவனே.

விளையாட்டு எழுத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது தமிழ்ச் சூழலில் இன்னும் சற்று வியப்புக்குரியதாகவே இருந்துவருகின்றது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் ஆராய்ச்சியாளர், நித்தவெலயிலே நிற்கும் கூட்டத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவர். இரண்டாயிரம் ஆண்டு பழகினாலன்றிக் கூட்டத்துக்கு இலக்கியத் தகுதி கிட்டாது போலும்.

இப்பொருளில் முதற்கண் நோக்கத்தக்கது நிக் ஹோர்ன்பி எழுதிய ‘ஃபீவர் பிட்ச்’ என்னும் நூல். 1992இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்நூல், லண்டன் ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகத்தின்மீது அதன் ஆசிரியர் கொண்ட தீராப் பற்றின் வரலாறு. சாதாரண சுயசரிதைகளைப் போல இது ஆண்டுகளாலும் சம்பவங்களாலும் பகுக்கப்படவில்லை. ஆட்டங்களாலும் அவற்றின் தேதிகளாலும் பகுக்கப்பட்டுள்ளது. இவ்வமைப்பே நூலின் முதற் கருத்து என்று கூறின் அது மிகையன்று. பரீட்சையும் காதலும் தொழிலும் நோயும் அவ்வாட்டங்களின் இடுக்குகளிலேதான் வாசகனுக்குத் தென்படுகின்றன.

முதல் ஆட்டம் 1968ஆம் ஆண்டு செப்தெம்பர் 14ஆம் திகதி நிகழ்ந்தது. ஆர்சனல், ஸ்டோக் சிட்டி அணியை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது. வெற்றி கூட அவ்வளவு கம்பீரமானதன்று. தண்ட உதை தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தினை ரெறி நீல் என்பவர் வலைக்குள் செலுத்தினார். அப்பொழுது ஹோர்ன்பிக்கு வயது பதினொன்று. பெற்றோர் பிரிந்துவிட்டனர். தந்தை வேறிடத்தில் வாழ்கின்றார். வார இறுதியில் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றார். அழைத்துச் சென்றபின் என்ன செய்வது என்பதே சிக்கல். உணவகத்து மேசையில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு எழவில்லை. எனவே தந்தை உதைபந்தாட்டத்தைத் தேர்ந்தெடுக்கின்றார். இவ்விடத்தை அவதானமாகப் படித்தல் வேண்டும். அத்தந்தை ஆர்சனலின் பக்தரல்லர். மகனை வேறு கழகத்தின் மைதானத்துக்கும் அழைத்துச் சென்று பார்க்கின்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பிற்பகலை நிரப்பும் உபாயம் மட்டுமே. ஆர்சனலைப் பற்றிக்கொண்டவன் சிறுவன். பற்றிக்கொண்டபின், வாரந்தோறும் தந்தையை அவ்விடத்துக்கு இழுத்துச் செல்பவனும் அவனே.

சிறுவனை ஈர்த்தது ஆட்டமன்று என்பதை ஹோர்ன்பி மறைக்கவில்லை. அவனது கண்கள் சுற்றியிருந்த ஆண்களையே நோக்கின. அவர்கள் ஒருவரும் மகிழ்ச்சியாக இல்லை. காசு கொடுத்து வந்து, தம் அணியையே வாய் ஓயாது திட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றனர். குடும்பம் உடைந்த வீட்டிலிருந்து வந்த சிறுவனுக்கு, வளர்ந்த ஆண்கள் தம் துயரத்தைக் கூச்சமின்றி வெளியிடும் ஓரிடம் முதன்முறையாகக் கிடைத்தது. தன் தந்தை வெளியிடாத ஒன்றை ஆயிரக்கணக்கான பிறர் தந்தையர் வெளியிட்டனர். நூலின் மிகச் சிறந்த நுண்காட்சி இதுவே. இதனை எழுதுவதற்கு ஹோர்ன்பிக்கு அலங்காரச் சொற்கள் தேவைப்படவில்லை.

1969ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெம்பிளி மைதானத்தில் நடைபெற்ற லீக் கிண்ண இறுதியாட்டத்தில், மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஸ்விண்டன் அணியிடம் ஆர்சனல் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. இத்தோல்வி நூலிலே நீண்ட நிழலை வீழ்த்துகின்றது. பாடசாலையில் எதிர்நோக்க வேண்டிய ஏளனம் சிறுவனை வாட்டுகின்றது. இங்கே பற்று என்பது இன்பம் தருவதாயிருத்தல் வேண்டும் என்ற சாதாரண எதிர்பார்ப்பு முற்றாக உடைகின்றது. விட்டுவிடுதல் இயலாது என்பதே பற்றின் இலக்கணமாகின்றது. பெற்றோர் பிரிந்து செல்லலாம். கழகம் பிரிந்து செல்லாது.

பின்னர் நிகழ்வதுதான் இவ்வாய்வுக்கு மிக முக்கியமானது. மகன் வளர வளரத் தந்தை மைதானத்திலிருந்து மெல்ல மறைகின்றார். மைந்தன் முதலில் மாணவர்க்குரிய அடைப்பிலும் பின்னர் வடபுறத்துப் படிகளிலும் நண்பரோடும் தனியேயும் நிற்கின்றான். 1989ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி லிவர்பூல் நகரின் ஆன்பீல்ட் மைதானத்தில், ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் மைக்கேல் தோமஸ் அடித்த கோலினால் ஆர்சனல் பதினெட்டு ஆண்டுகளின் பின் லீக் வெற்றியைப் பெற்றபோது, ஹோர்ன்பி மைதானத்தில் இல்லை. தன் இருப்பிடத்துத் தொலைக்காட்சியின் முன் இருக்கின்றார். தந்தையை வைத்துக்கொள்வதற்காகத் தோன்றிய பற்று, தந்தையின் தேவை நீங்கியபின்னும் நீங்கவில்லை. கருவி நிலைத்துவிட்டது, அது செய்ய வேண்டிய காரியம் எங்கோ மறைந்துவிட்டது. இதனை ஹோர்ன்பி அறிவார். ஆயினும் அறிந்ததன் கசப்பை நகைச்சுவையினால் மூடிவிடுகின்றார். நூலின் பலவீனம் இங்கேதான் உள்ளது. வாசகன் சிரிக்கத் தொடங்கிய ஒவ்வோரிடத்திலும் ஆசிரியர் தப்பிச் செல்வதற்கு ஒரு வாயில் திறக்கின்றது.

இன்னுமொரு குறையையும் சுட்டுதல் தகும். ஹோர்ன்பி லண்டனின் மைந்தரல்லர்; மெய்டன்ஹெட் என்னும் புறநகரில் வளர்ந்தவர். 1972இல் அயலூரான ரெடிங் நகர அணியோடு ஆர்சனல் மோதியபோது, தன்னை வடலண்டன்வாசியாகக் காட்டிக்கொண்டு வெட்கப்பட நேர்ந்ததை அவரே விவரிக்கின்றார். அப்பகுதி சிரிப்பூட்டுவது. ஆனால் ஊரற்ற நடுத்தர வர்க்கத்து இளைஞன் ஒருவன் தனக்கென ஓர் ஊரைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதும், அத்தெரிவுக்காக அவன் இழக்கக்கூடியது கொஞ்சம் மானம் மட்டுமே என்பதும் அங்கே கேள்வியின்றி ஏற்கப்படுகின்றன. எந்த அணியை நேசிக்கின்றாய் என்ற வினா அந்நூலில் விளையாட்டு வினாவாகவே நின்றுவிடுகின்றது. உலகின் பிற பாகங்களில் அவ்வினாவை வினவுபவர் குடிவரவு அதிகாரியாகவும் இருத்தல் கூடும்.

மேற்கிந்தியத் தீவினரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘பியொண்ட் எ பவுண்டரி’ என்ற நூலில் இவ்வினா விளையாட்டுக்கு வெளியே வந்துவிட்டது. திரினிடாட் தீவின் கிரிக்கெட் கழகங்கள் தோலின் நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்திருந்தன. கறுத்த நிறத்தவரான ஜேம்ஸ், கறுத்த மக்களின் ஷனன் கழகத்தைத் தவிர்த்து, மாநிறத்து நடுத்தர வர்க்கத்தினரின் மேப்பிள் கழகத்தில் சேர்ந்தார். அம்முடிவு தன் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளியது என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கழகம் என்பது சமூகப் படிநிலையின் மறுபெயர் என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட எழுத்து பிறிதொன்று அரிது. கண்டி விளையாட்டுக் கழகமும் 1874இல் தொடங்கியபோது தோட்டத் துரைமாரின் உலகத்தைச் சார்ந்ததாகவே இருந்தது. இன்று அதன் படிகளில் அமர்ந்து ஆர்ப்பரிக்கும் பலரின் பாட்டன்மார் அக்காலத்தில் அதன் வாயிலைத் தாண்டியிருக்க இயலாது. அவ்வகையில் நோக்கின், தந்தைவழிச் சொத்து என்பதற்கு வயது மிகக் குறைவு.

அவ்வாறே தாராளமாகக் கடத்தப்படுவதற்கும் ஒரு பொருளாதார அடிப்படை உண்டு. சிறுவனொருவன் வாரந்தோறும் மைதானத்துக்குச் செல்லக்கூடியதாக இருந்தமைக்குக் காரணம், நின்று பார்க்கும் படிகளும் அவற்றின் குறைந்த கட்டணமும். 1989 ஏப்ரில் மாதத்து ஹில்ஸ்பரோ விபத்தின் பின்னர் வெளிவந்த ரெய்லர் அறிக்கையைத் தொடர்ந்து பெரிய மைதானங்களில் அப்படிகள் அகற்றப்பட்டு ஆசனங்கள் இடப்பட்டன. உயிர்ப் பாதுகாப்புக்கு அது வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. கூடவே கட்டணமும் உயர்ந்தது. ஹோர்ன்பியின் நூல் வெளிவந்த அதே 1992இல் பிரிமியர் லீக்கும் தோன்றியது. அவர் நின்ற ஹைபரி மைதானத்தை விட்டு 2006இல் கழகமே வெளியேறிவிட்டது.

தமிழில் இவ்வகை எழுத்துக்கு நெருங்கி வருவது சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959இல் நூலாக வெளிவந்த அக்குறுநாவலில், ஜமீன்தாரின் காரி என்னும் காளையால் குத்துண்டு மாண்ட அம்புலியின் மகன் பிச்சி, அதே காளையை அடக்க வருகின்றான். தந்தை விட்டுச் சென்றது ஒரு கழகமன்று, ஒரு தோல்வி. மைந்தன் அதைத் தன் உடலால் ஈடு செய்கின்றான். இங்கும் பற்று மேல்நோக்கியே செல்கின்றது. மகனின் செயலால் இறந்த தந்தை மீட்கப்படுகின்றான். ஆயினும் செல்லப்பாவின் உலகில் பார்வையாளனுக்கு உரிய இடம் வேறு. பிச்சியோடு பேசிக்கொண்டிருக்கும் கிழவர் அனைத்தையும் அறிந்தவர். ஆனால் கதை அவருடையதன்று. வேலிக்கு வெளியே நின்று ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவனின் அகத்தைத் தமிழ்ப் புனைகதை இன்னும் தன் நடுப்பொருளாகக் கொள்ளவில்லை.

அவ்வகத்தைக் கொண்டதொரு நூல் இலங்கையிலேயே, ஆங்கிலத்தில், தோன்றியுள்ளது. ஷெஹான் கருணாதிலக எழுதிய ‘சைனாமன்’ என்னும் நாவல், கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதே 2008ஆம் ஆண்டுக்குரிய கிரேஷன் பரிசைப் பெற்றது. 2010இல் நூலாகி, 2012இல் பொதுநலவாய நூற் பரிசையும் வென்றது. ஓய்வுபெற்ற விளையாட்டுப் பத்திரிகையாளரான டபிள்யூ.ஜி. கருணாசேன, குடியினால் ஈரல் கெட்டு, இறப்பதற்கு முன் ஒரேயொரு காரியத்தைச் செய்ய விரும்புகின்றார். பிரதீப் மத்தியூ என்ற மறக்கப்பட்ட சுழற்பந்து வீச்சாளனைத் தேடிக் கண்டறிதலே அது. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவன் மத்தியூ. அவனைப் போல வீசியவர் எவருமில்லை என்கின்றார் கருணாசேன. அவனைப் பற்றிய ஏடுகளோ ஒன்றுமில்லை.

கட்டுகஸ்தோட்டைவாசி ஒருவர் இந்நாவலைப் படிக்குங்கால் நிச்சயமாக ஓரிடத்தில் நின்றுவிடுவார். மத்தியூவின் உச்ச சாதனை, கண்டி அஸ்கிரிய மைதானத்தில் 1987இல் நியூசிலாந்துக்கு எதிராக நடந்ததாகக் கூறப்படும் ஒரு டெஸ்ட் போட்டி. அதிலே ஓர் இன்னிங்சின் பத்து விக்கெட்டுகளையும் அவன் வீழ்த்துகின்றான். அத்தகைய போட்டி நடைபெறவில்லை. 1987 ஏப்ரில் 21ஆம் திகதி கொழும்பு மத்திய பேருந்து நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. முதலாவது டெஸ்டோடு நியூசிலாந்து அணி நாடு திரும்பியது. எஞ்சிய போட்டிகள் கைவிடப்பட்டன. வரலாற்றில் போரினால் வெறுமையான ஓர் இடத்தை ஆசிரியர் தேர்ந்தெடுத்து, அவ்வெறுமைக்குள் தம் வீரனை நிறுத்துகின்றார். அஸ்கிரிய மலைச்சரிவில் நிகழ்ந்திராத அப்போட்டியே நாவலின் இதயம். மிகவும் துணிவான கற்பனை இது. ஒரு குண்டு எதையெல்லாம் இல்லாமற் செய்தது என்பதனை நேரடியாக எழுதும் நூல்களைவிட ஆழமாக உணர்த்துகின்றது.

இனி, மைந்தனைப் பற்றி. கருணாசேன தம் ஒரே மகனுக்குக் கார்பீல்ட் என்று பெயரிட்டார். மேற்கிந்திய வீரர் கார்பீல்ட் சோபர்ஸின் பெயர் அது. ஹோர்ன்பியின் தந்தை எதையும் திணிக்கவில்லை. கருணாசேனவோ பிறந்த குழந்தையின் நெற்றியிலேயே தம் பற்றை எழுதிவிடுகின்றார். விளைவு எதிர்பார்க்கத் தக்கதே. மகன் கிரிக்கெட்டை நிராகரித்து இசையின் பக்கம் செல்கின்றான். தந்தையும் மகனும் பகைவராகின்றனர். மத்தியூவின் ஒவ்வொரு பந்தையும் நினைவில் வைத்திருக்கும் மனிதருக்குத் தம் மகனின் பிள்ளைப் பருவம் நினைவில் இல்லை. பற்று உறவை வளர்க்கும் என்ற இனிய நம்பிக்கைக்கு எதிராக, பற்று உறவைத் தின்றுவிடவும் கூடும் என்பதனை இந்நாவல் நிறுவுகின்றது. மனைவி ஷீலா இவ்வனைத்தையும் பொறுத்துக்கொள்கின்றாள். வாசகர் அவளைப் பற்றி மேலும் அறிய விரும்பும் இடங்களிலெல்லாம் ஆசிரியர் மீண்டும் மைதானத்துக்கே ஓடிவிடுகின்றார். இது கருணாசேனவின் குறையா, கருணாதிலகவின் குறையா என்பதை நூல் தெளிவுபடுத்தவில்லை. இரண்டும் கலந்தது என்பதே பொருத்தம்.

தந்தை இறந்தபின் கதைசொல்லும் குரல் மைந்தனிடம் மாறுகின்றது. முடிக்கப்படாத தேடலை, கிரிக்கெட்டை வெறுத்த மகன் தொடர்கின்றான். மத்தியூவைக் கண்டறிவதில் அவனுக்குச் சொந்த ஆர்வம் ஏதுமில்லை. தந்தை உயிரோடிருந்தபோது கொடுக்க இயலாத ஒன்றை, இறந்தபின் அவர் பக்கமாக ஏறிச் சென்று அவனே எடுத்துக்கொள்கின்றான். நாவலின் நடுப்பகுதியில் சதிகளும் வினோதப் பாத்திரங்களும் மிதமிஞ்சிக் குவிந்துள்ளன. அவற்றுட் பாதியைக் களைந்திருப்பினும் நூல் குறைவுபட்டிராது. ஆனால் இறுதிப் பகுதியின் குரல் மாற்றம் ஒன்றே அக்குறைகளை மன்னிக்கச் செய்கின்றது. ஹோர்ன்பி நகைச்சுவையால் தப்பிச் சென்ற வாயிலைக் கருணாதிலக இங்கே அடைத்துவிடுகின்றார்.

கற்பனை மத்தியூ அஸ்கிரியவில் அழிக்கப்பட்ட சாதனை படைத்தான். உண்மையான சாதனையொன்றும் அதே மண்ணில் நிகழ்ந்தது. 2007 திசெம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்து வீரர் போல் கொலிங்வுட்டின் விக்கெட்டை வீழ்த்தி, 709 விக்கெட்டுகளுடன் ஷேன் வோர்னை முந்தினார் முத்தையா முரளிதரன். அவர் கற்றது அண்மையிலேயே, கட்டுகஸ்தோட்டை அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அவரைப் பதினான்காம் வயதில் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர் அக்கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ.

முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர். பின்னர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். தந்தை முத்தையா இங்கேயே தங்கிப் பிஸ்கட் தயாரிக்கும் தொழிலை நடத்தினார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருவாரியாக நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1977 ஆகஸ்ட் வன்செயல்களில் முத்தையாவின் குடும்பத்து வீடும் தொழிற்சாலையும் எரிக்கப்பட்டன. இத்தகைய பின்னணியில் வளர்ந்த ஒருவன் அந்நாட்டின் அணிக்கு ஆடுகின்றான் என்றால், அங்கே தந்தைவழிச் சொத்தாக இறங்கி வந்தது யாது? தந்தைக்கு அவ்வணியை நேசிக்கக் காரணம் ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. மகன் ஆடியதனால்தான் அவ்வணி அவ்வீட்டினதாகின்றது. ஹோர்ன்பியின் சிறுவன் தன் தந்தையை ஹைபரிக்கு இழுத்துச் சென்றதற்கும் இதற்கும் அமைப்பிலே ஒற்றுமையுண்டு; கொடுக்க வேண்டியிருந்த விலையிலேதான் மலையளவு வேற்றுமை.

எம்.எஸ். ஸ்ரீபதி இயக்கி 2023இல் வெளிவந்த ‘800’ என்னும் தமிழ்த் திரைப்படம் இப்பொருளைக் கையிலெடுத்தது. ஆனால் இறுகப் பற்றவில்லை. விக்கெட்டுகளின் எண்ணிக்கையே அதன் முதுகெலும்பு. 1995இல் மெல்பர்னில் நடுவர் டெரல் ஹெயார் பந்துவீச்சு முறைகேடானதெனத் தீர்ப்பளித்ததும், அதன்பின் வந்த சோதனைகளும் அதன் நாடகக் கட்டங்கள். படம் தொடங்குவதற்கு முன்பே, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் 2020இல் விஜய் சேதுபதி அதிலிருந்து விலகினார். மதுர் மித்தல் அவ்வேடத்தை ஏற்றார். எதிர்த்தோரும் ஆதரித்தோரும் ஒரே வினாவைத்தான் முன்வைத்தனர்: தமிழனொருவன் எந்த அணியின் பக்கம் நிற்கலாம்? போரின் இழப்புக்களைச் சுமந்தோர் அவ்வினாவைக் கேட்பது இயல்பே. அதனை எளிதில் தள்ளிவிடுதல் நியாயமன்று. ஆயினும் அவ்விவாதத்தில் இரு சாராரும் மகனிடமே விடை கேட்டனர். எரிந்த தொழிற்சாலையை மீண்டும் கட்டியெழுப்பிய ஒருவர், தம் மகன் அந்நாட்டின் சீருடையில் ஓடிவருவதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதைப் படமும் தன் நடுப்பொருளாக்கவில்லை; படத்தை எதிர்த்தோரும் அதுபற்றி எண்ணவில்லை. கலைக்குரிய முகம் அதுவே.

பெண் மக்களின் நிலை இவ்வெழுத்துக்களில் ஏறக்குறைய இல்லை என்பதையும் குறிப்பிடாமல் விடுதல் இயலாது. ஹோர்ன்பியும் கருணாதிலகவும் ஆண்களின் மௌனத்தைப் பற்றியே எழுதினர். அருண்ராஜா காமராஜ் இயக்கிய ‘கனா’ (2018) என்ற படம் ஒன்றே விதிவிலக்காக நிற்கின்றது. இந்திய அணி தோற்கும்போது கண்ணீர் விடும் விவசாயத் தந்தையைக் கண்ட சிறுமி, அவரைச் சிரிக்க வைப்பதற்காகக் கிரிக்கெட் வீராங்கனையாகின்றாள். படத்தின் பிற்பகுதி வழக்கமான வெற்றிக் கதையாகத் தளர்ந்துவிடுகின்றது. தொடக்கமோ உண்மையானது. அவள் முதலில் நேசித்தது கிரிக்கெட்டையன்று. தந்தையின் கண்ணீரை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவே. தாயோ எதிர்க்கின்றாள், கடன்பட்ட வீட்டில் அவ்வெதிர்ப்புக்கும் நியாயம் உண்டு என்பதைப் படம் ஓரளவு ஒப்புக்கொள்கின்றது.

அந்தோனியார் கல்லூரியின் எல்லைக்கோட்டருகே, மலைநாட்டுத் தமிழ்த் தந்தை ஒருவர் மகனோடு அமர்ந்து ஆட்டம் பார்க்கும் கதையை எழுதப் புகுவோர்க்கு ஹோர்ன்பியின் தேதிவாரியான அமைப்பு பயன்படலாம். ஆனால் அத்தேதிகளின் வரிசையில் 1948, 1964, 1977 ஆகியனவும் வந்து நிற்கும். அந்நாள்களிலே ஆட்டம் எதுவும் நடந்திராது. கருணாதிலக அஸ்கிரியவில் செய்ததுபோல அவ்வெறுமைகளைக் கற்பனையால் நிரப்புவதா, அல்லது வெறுமையாகவே விட்டு அடுத்த ஆட்டத்துக்குச் செல்வதா என்பதை அவ்வெழுத்தாளர்தான் தீர்மானிக்க வேண்டும். தந்தை அத்தேதிகளைப் பற்றி மகனிடம் பேசியிருக்கமாட்டார். ஓவர் முடிந்து களத்தடுப்பாளர் இடம் மாறும் அந்தச் சிறு இடைவெளியில், யார் அடுத்துப் பந்து வீசப் போகின்றார் என்றே கேட்டிருப்பார்.